கை பத்திரம்

குப்பையைப் பார்த்தே அது எந்த வீட்டுக் குப்பை என்று சொல்லிவிடுவாள் அஞ்சலை. மேனாம்பேட்டில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று பிளாக், அறுபத்து நான்கு வீடு. காலையில் வீட்டு வாசல்களில் இருக்கும் பைகளை எடுத்துவந்து, கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் உள்ள குப்பை ரூமில் கொட்டி, மக்குவது மக்காதது என்று பிரிப்பது பதினோரு வருஷமாக அவள் வேலை. பையில் வீட்டு நம்பர் இருக்காது. அவளுக்கு அது தேவையும் இல்லை. ஏ பிளாக் முதல் மாடியில் சுத்த சைவம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வீட்டிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை நாலு சுற்றுப் பேப்பருக்குள் வஞ்சிர முள் வரும். பி பிளாக்கில் ஒருவர் சிகரெட்டை விட்டுவிட்டதாகப் பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர். பையின் அடியில் கிடக்கும் துண்டுகள் அவருக்கும் அஞ்சலைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஊர்க்கதை பேசுகிற வாய்தான் அவளுக்கும், ஆனால் குப்பைக் கதை பேசாது.

இத்தனை வீட்டில் அவளுக்குப் பிடித்த வீடு சி பிளாக் மூன்றாவது மாடியில் இருக்கும் 302. அங்கே இருப்பது ஒரே ஒரு பெண். கூட இருந்தவள் போன மாதம் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். ஐ.டி. வேலை, ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர், காலையில் தூக்கம். அதனால் அஞ்சலை பை எடுக்கப் போகும் நேரத்தில் கதவு சாத்தியே இருக்கும். பார்சல் அட்டையில் இருந்த பெயரை கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் தேவராஜிடம் காட்டிப் படிக்கச் சொல்லித்தான் கவிப்பிரியா என்று தெரிந்துகொண்டாள். முகத்தைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு காகிதம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் 302 பையில் செய்தித்தாளில் சுற்றி, டேப் ஒட்டிய பொட்டலம் ஒன்று வந்தது. மேலே பெரிய பெரிய எழுத்தில் தமிழில் எழுதியிருந்தது. அஞ்சலை ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'கண்ணாடி உடைஞ்சது உள்ளே இருக்கு. கை பத்திரம்.'

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த நாற்றத்திலேயே நின்றாள். இந்தக் கை பிளேடு பார்த்திருக்கிறது, உடைந்த பல்பு பார்த்திருக்கிறது, சர்க்கரை ஊசி பார்த்திருக்கிறது. இடது உள்ளங்கையில் நாலு தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. இந்தக் குப்பைக்குள் ஒரு மனுஷியின் கை நுழையும் என்று அறுபத்து நான்கு வீட்டில் ஒருத்திக்காவது தோன்றியதே என்று நினைத்தாள். அந்தக் காகிதத்தை மடித்து ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் போட்டு வைத்தாள். யாராவது கேட்டால் என்ன சொல்வாளோ தெரியாது. யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை 302 பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அவிழ்த்துக் கொட்டினாள். பாதி பால் பாக்கெட், புளித்த தயிர், வாடிய கேரட், நாலு முட்டை. ஃபிரிட்ஜைக் காலி செய்திருக்கிறாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அஞ்சலைக்கு உடனே புரிந்துவிட்டது. தயிருக்குள் கறுப்பாக ஏதோ நெளிந்தது. பூரான் என்று நினைத்துக் கையை உதறினாள். அப்புறம் குச்சியால் கிளறிப் பார்த்தால் வாட்ச். ரயிலுக்கு நேரமாகிற அவசரத்தில் பையைக் கட்டும்போது வார் கழன்று உள்ளே விழுந்திருக்கிறது.

குழாயடியில் கழுவி, இடுப்பில் செருகியிருந்த துணியால் துடைத்தாள். கண்ணாடியில் விரல் பட்டதும் விளக்கு எரிந்து மணி காட்டியது. ஏழு ஐம்பத்திரண்டு.

இந்த மாதிரிப் பொருள் கிடைத்தால் கேட்டில் ஒப்படைக்க வேண்டும் என்பது குடியிருப்பின் சட்டம். அஞ்சலைக்கு வேறு சட்டம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் படிக்கட்டில் ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு கிடந்தது. சட்டப்படியே கேட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போது இருந்த வாட்ச்மேன் வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டான். சாயங்காலம் கொலுசும் இல்லை, அடுத்த வாரம் அவனும் இல்லை. அந்தக் குழந்தையின் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அஞ்சலையை மேலும் கீழும் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை எட்டு மாதம் நீடித்தது, அவர்கள் வீடு மாறிப் போகும் வரைக்கும். அன்றோடு முடிவு செய்தாள்: கண்டெடுத்த கையிலிருந்து தொலைத்தவர் கைக்குத்தான் போக வேண்டும், நடுவில் இன்னொரு கை கூடாது.

302க்குப் போய்ப் பார்த்தாள். பூட்டு. கேட்டுக்கு வந்து, காரணம் சொல்லாமல் தேவராஜிடம் விசாரித்தாள்.

"அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணா? கோவில்பட்டி போய்ச்சு. திங்கக்கெயம காலைலதான் வரும்," என்றார் தேவராஜ். "இன்னாத்துக்கு கேக்குற?"

"சும்மாதான்," என்று நகர்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும். எங்கே வைப்பது? வேலை முடிந்து போகும்போது ஹவுஸ்கீப்பிங் பெண்களின் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட முடியும். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். பையில் இருந்து வாட்ச் வந்தால் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். இடுப்பில் செருகினாலும் அதே பெயர்தான். யோசித்து யோசித்து அவளுக்கு ஒன்று தோன்றியது. மறைத்து வைத்தால்தானே திருட்டு? நாலு பேர் பார்க்கக் கையில் கட்டிக்கொண்டு திரிந்தால் யார் திருட்டு என்பார்கள்? திருடுகிறவள் கட்டிக்கொண்டா திரிவாள்?

குப்பை ரூம் மூலையில் கேமரா இருக்கிறது. அதற்கு நேர் கீழே போய் நின்று, கையை நன்றாகத் தூக்கி, வாட்ச்சை இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். கேமராவைவிட நல்ல சாட்சி எது என்று நினைத்தாள் பாவம். ஒரு பொருளை எடுப்பது கேமராவில் தெரியும், எதற்காக எடுத்தாள் என்பது தெரியாது. இந்தச் சின்ன வித்தியாசம் அவளுக்குத் தோன்றவில்லை.

பதினோரு மணி பத்து நிமிஷம் இருக்கும். பி பிளாக் நாலாவது மாடி வராந்தாவில் மாப் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கை உதறியது. ஷாக் அடித்தது என்றே நினைத்து மாப்பைக் கீழே போட்டுவிட்டாள். பார்த்தால் வாட்ச் நடுங்குகிறது. கண்ணாடிக்குள் சிவப்பும் பச்சையுமாகப் பட்டாசு வெடிக்கிறது. இந்தக் காலத்து வாட்ச்சில் போன் பேசலாம் என்று ரயிலில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். பொருளைத் தொலைத்தவள் கூப்பிடாமல் வேறு யார் கூப்பிடுவார்கள்? மணிக்கட்டை வாயருகே கொண்டுபோனாள்.

"அலோ... அம்மா, நான் அவுஸ்கீப்பிங் அஞ்சல பேசறேம்மா. ஒன் வாட்ச்சு என்னாண்டதான் கீது. குப்பைல வந்துச்சு. கய்வி தொடச்சு கைல கட்டிக்கினு கீறேன். நீ பயப்படாத. திங்கக்கெயம வந்தவொடனே ஒன் கைல குடுத்துர்றேன்."

பட்டாசு அணைந்தது. கேட்டுவிட்டு வைத்துவிட்டாள் என்று அஞ்சலை எடுத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியவளிடம் சொல்லியாகிவிட்டது. மனசு லேசாகி, மீதி வராந்தாவை ஏதோ முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள். அன்று சாயங்காலம் பையைத் திறந்து காட்டும்போது தேவராஜ் அவள் மணிக்கட்டைப் பார்த்து, "இன்னா, மருமவன் வாங்கிக் குடுத்தாரா?" என்று கேட்டார். "பின்ன?" என்று சிரித்துவிட்டு நடந்தாள். அந்தச் சிரிப்பை அவள் சிரித்திருக்க வேண்டாம்.

ஷிஃப்டு முடிந்து வழியில் இரண்டு வீட்டில் பாத்திரம் கழுவினாள். அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்து, லோக்கல் பிடித்துத் திருநின்றவூரில் இறங்கி, ஏரிப்பக்கம் இருக்கும் வாடகை வீட்டுக்கு மறுபடி நடந்தாள். அவள் அப்பனும் ஆத்தாளும் இதே மேனாம்பேட்டில் நடவு நட்டவர்கள்தான். நிலம் பிளாட் ஆனதும் அவள் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போனாள், கம்பெனி மூடியதும் குப்பைக்கு வந்தாள். பிறந்த ஊரில் வாடகை கொடுக்க முடியாமல் திருநின்றவூரில் குடியிருந்து, பிறந்த ஊருக்கே ரயிலேறி வேலைக்கு வருகிறாள். ஒரே மகள் சித்ராவை ஆவடியில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் அவளும் புருஷன் சம்பந்தமும்தான்.

சம்பந்தம் எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்குகிறவன். கம்பெனியில் சூப்பர்வைசர் கையில் இந்த மாதிரி வாட்ச் பார்த்திருக்கிறான். கண்ணாடியைத் தட்டித் தட்டி ஒரு இதயப் படத்தைக் கொண்டுவந்தான். பக்கத்தில் 84 என்று இருந்தது.

"இது இன்னா தெர்யுமா? ஒன் நெஞ்சு அடிக்கிற கணக்கு."

"என் நெஞ்சு அடிக்கறது ஊரான் வாட்ச்சுக்கு எதுக்குயா?" என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள். ரவிக்கை அவிழ்ந்ததுபோல் கூச்சமாக இருந்தது.

"ஒரே ஒரு தபா குடுமே. டீக்கட வரிக்கும் கட்டிக்கினு போய்ட்டு வந்துர்றேன்."

"கைய ஒடிப்பேன். அது இன்னொருத்தர் பொருளு."

"நீ மட்டும் கட்டிக்கினு கீற?"

"நான் கட்டிக்கினு இல்ல. காவ காத்துக்கினு கீறேன்."

கழற்றி வைத்தால் இவன் எடுத்துப் போவான் என்று கையோடேயே தூங்கினாள். புரண்டு படுக்கும்போதெல்லாம் அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை லீவு என்று பெயர். பட்டாபிராமில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிற நாள் அது. வாட்ச்சை முழங்கை வரைக்கும் ஏற்றி, மேலே பால் கவரைச் சுற்றி, இரண்டு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டாள். கூடத் தேய்க்கிற பெண்கள், "இன்னா அஞ்சல, கைல கட்டியா?" என்று கேட்டார்கள். பத்தரை மணிக்குக் கவருக்குள் மறுபடி பட்டாசு. சாம்பார் அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுத்து, "பத்திரமா கீதும்மா. அதான் நேத்தே சொன்னேன்ல," என்று பதில் சொன்னாள். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொன்னால் போதாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டினபோது அவளுடைய பட்டன் போன் அடித்தது. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் இருதயராஜ்.

"அஞ்சல, நாளைக்கு யூனிஃபார்ம் போடாத. நேரா ஆபீஸ் ரூமுக்கு வா. வாட்ச் மேட்டர். 302 அம்மா ஊர்லேர்ந்து வாட்ச்ச காணோம்னாங்க, கேமராவப் பாத்தோம். நீ எடுத்துக் கட்டுனது, போவும்போது தேவராஜாண்ட மருமவன் வாங்கிக் குடுத்ததுன்னு சொன்னது, எல்லாம் கெடைச்சிருச்சு. ஒன் போட்டோ அபார்ட்மெண்ட் குரூப்ல சுத்துது."

"சார், அது அந்தம்மாவுக்குத் தெரியும் சார். நான் சொல்லிட்டேன்."

"எப்பிடிச் சொன்ன? ஒன்னாண்ட அவங்க நம்பரே கெடையாது."

"வாட்ச்லதான் சார். அந்தம்மா கூப்ட்டாங்கோ, நான் பேசுனேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. "கத வுடாத. வாட்ச்ச எடுத்துக்கினு வா," என்று வைத்துவிட்டார்.

அஞ்சலை வாசல்படியில் உட்கார்ந்தாள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, எடுக்கவில்லை. அடுப்பில் உலை வைக்கவில்லை. வேலை போகும் என்பது முதலில் உறைத்தது. நாற்பத்தெட்டு வயசில் இன்னொரு அபார்ட்மெண்ட் தேடிப் போனால், அங்கேயும் இந்தப் போட்டோ அவளுக்கு முன்னால் போய் நிற்கும். ஆனால் உட்கார உட்கார அதைவிட வேறொன்று அறுத்தது. அந்தப் போட்டோவை 302 பார்த்திருப்பாள். கை பத்திரம் என்று எழுதியவள், அந்தக் கை தன் வாட்ச்சைக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பாள். அந்த ஒருத்தி தன்னைத் திருடி என்று நினைப்பதை அஞ்சலையால் தாங்க முடியவில்லை. இருட்டிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு ஆபீஸ் ரூமில் போய் நின்றாள். யூனிஃபார்ம் கோட்டு இல்லாமல் வெறும் புடவையில் அந்த ரூமுக்குள் நிற்பது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இருதயராஜ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷத்தில் அந்தப் பெண் வந்தாள். ரயிலிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தோளில் பை, கையில் முறுக்கு டின். கண்ணாடி போட்ட சின்ன முகம், தூக்கமில்லாத கண். இவள்தானா என்று அஞ்சலை ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து பார்த்தாள்.

வாட்ச்சைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, இருதயராஜ் நீட்டிய கையைத் தாண்டி அவளிடம் கொடுத்தாள். கவிப்பிரியா அதை இரண்டு விரலால் வாங்கினாள். அந்த இரண்டு விரலை அஞ்சலை கவனித்தாள்.

"இன்னாமா இப்பிடி பண்ணிட்ட? சனிக்கெயமையே ஒன்னாண்ட சொன்னேனே. நீயும் கேட்டுக்கினுதான வெச்ச?"

"எங்கிட்டயா? எனக்கு எந்தப் போனும் வரலையே," என்றாள் கவிப்பிரியா.

இருதயராஜ் நாற்காலியில் சாய்ந்தார். "பாத்துக்கோங்க மேடம். நேத்துலேர்ந்து இதே கததான்."

"கத இல்ல சார்!" அஞ்சலைக்குக் குரல் ஏறிவிட்டது. "சனிக்கெயம பதினோரு மணி பத்து நிமிசம். பி பிளாக் நாலாவது மாடி. கை உதறுச்சு. உள்ள பட்டாசு வெடிச்சுது. நேத்து மண்டபத்துல பத்தரைக்கு வெடிச்சுது. ரெண்டு தபாவும் பதில் சொன்னேன். என் பொண்ணு மேல சத்தியம்."

"பட்டாசா?" என்றாள் கவிப்பிரியா. "கலர் கலரா, சுத்தி வெடிக்கிற மாதிரியா?"

"ஆமா. செவப்பு, பச்ச."

கவிப்பிரியா பையைக் கீழே வைத்தாள். போனை எடுத்து வாட்ச் பக்கத்தில் வைத்து எதையோ அமுக்கினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. வாட்ச்சில் இருக்கிற கணக்கெல்லாம் போனுக்கு வருகிறது என்று சொன்னாள். வட்டம் நின்றதும் படித்தாள். படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிற மாதிரி வாய் கோணியது, அப்புறம் அது சிரிப்பாக ஆகவில்லை.

"சார், பதினொண்ணு பத்துன்னு சரியா இருக்கு," என்றாள். "அக்கா, அது போன் இல்லை. ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி நடந்தா இது பட்டாசு காட்டும். நான் அப்படி வெச்சிருக்கேன். வாங்கி நாலு மாசம் ஆச்சு, எனக்கு ரெண்டே ரெண்டு தடவைதான் காட்டிருக்கு. நீங்க மூணு மணி நேரத்துல நடந்துட்டீங்க."

"நடந்ததுக்கா பட்டாசு?" என்றாள் அஞ்சலை. தான் யாரும் இல்லாத வாட்ச்சிடம் இரண்டு நாள் பேசியிருக்கிறோம் என்பது புரிந்து காது சூடானது.

கவிப்பிரியா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். சனிக்கிழமை இருபத்திரண்டாயிரம் அடி. தூக்கம் நாலரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை இருபத்து நாலாயிரம். "லீவு நாள்ல அதிகமா நடந்திருக்கீங்க," என்றாள். "எனக்கு மணிக்கொரு தடவை எழுந்து நடன்னு திட்டும் இது. உங்களை ஒரு தடவைகூடத் திட்டலை." இருதயராஜ் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

அப்புறம் கவிப்பிரியாவின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"அக்கா, நேத்து சாயங்காலம் ஆறேகால்லேர்ந்து ஏழு மணி வரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"இன்னா பண்ணுவேன். சார் போன் பண்ணாரு. குந்திக்கினு இருந்தேன்."

"ஒரு அடிகூட எடுக்கலை. ஆனா நெஞ்சுத் துடிப்பு நூத்திப் பதினெட்டு. நூத்தி இருபத்திரண்டு. அப்படியே முக்கால் மணி நேரம்." போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. "ஆறு மணிக்கு குரூப்ல எழுதினது நான்தான்க்கா. இந்த ஹவுஸ்கீப்பிங் லேடியை உடனே நிறுத்துங்க, இல்லைன்னா போலீஸுக்குப் போவேன்னு எழுதினேன். அதைப் பாத்துட்டுத்தான் சார் உங்களைக் கூப்பிட்டிருக்கார்."

நேற்று முழுக்க அழாத அஞ்சலைக்கு இப்போது பொங்கிக்கொண்டு வந்தது. துக்கம் பாதி, கோபம் பாதி.

"கை பத்திரம்னு எழுதுனியே, அதே கையாலயா இதையும் எழுதுன?"

கவிப்பிரியா திகைத்துப்போனாள். "அதை நீங்க படிச்சீங்களா?"

"படிக்கத்தான எழுதுன? படிச்சேன். எட்த்துக்கூட வெச்சிருக்கேன். இந்த அபார்ட்மெண்ட்லயே அப்பிடி எழுதுன ஒரே ஊடு உன்து. அதுக்குத்தான் ஒன் பொருள யார் கைலயும் குடுக்காம, தூங்கறப்பகூட கட்டிக்கினு கெடந்தேன். சொம்மாவா?"

கவிப்பிரியா வாட்ச்சை எடுத்து அஞ்சலையின் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே வெச்சுக்கோங்கக்கா. ப்ளீஸ்."

"எனுக்கு எதுக்கு? நான் நடக்கறது எனுக்கே தெரியும்," என்றாள் அஞ்சலை. திருப்பி நகர்த்தினாள். "அந்த குரூப்ல எத்தினி பேரு கீறாங்கோ?"

"எல்லா வீடும்."

"அப்போ அதுலயே எழுது. என் போட்டோ போட்ட எடத்துல என் பேரயும் போடு."

கவிப்பிரியா உட்கார்ந்து எழுதினாள். இரண்டு முறை அழித்து எழுதினாள். அப்புறம் வாய்விட்டுப் படித்தாள். "என் வாட்ச் கிடைத்துவிட்டது. அது திருடு போகவே இல்லை. குப்பையில் என் கவனக்குறைவால் விழுந்ததை அஞ்சலை அக்கா கண்டெடுத்து, கழுவி, இரண்டு நாள் பத்திரமாக வைத்திருந்து என் கையில் கொடுத்தார்கள். நான் அவசரப்பட்டு எழுதியது தவறு. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

"இன்னொரு தபா படி," என்றாள் அஞ்சலை. இன்னொரு தடவை கேட்டாள். தன் பெயர் வருகிற இடத்தில் தலையாட்டினாள். "சரி. உடு அத," என்றாள். எதை விடச் சொன்னாள் என்று கேட்காமல் கவிப்பிரியா அனுப்பிவிட்டாள்.

இருதயராஜ் தொண்டையைக் கனைத்தார். "செரி அஞ்சல, போ. கோட்டப் போட்டுக்கோ. மணி எட்டே கால் ஆய்ச்சு, ஒரு பிளாக்கும் எடுக்கல." அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

கோட்டைப் போட்டுக்கொண்டு ஏ பிளாக்கில் ஆரம்பித்தாள். முதல் மாடியில் அந்தச் சுத்த சைவ வீட்டு அம்மா, பை எடுக்க நேரமானதால் கதவைத் திறந்து வைத்து ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் "குப்பை" என்று மட்டும் கூப்பிட்ட அம்மா அது. போனையும் அஞ்சலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அஞ்சலைங்கறது நீதானா?"

"ஆமாம்மா," என்றாள் அவள், பையை வாங்கிக்கொண்டே. "பதினோரு வருசமா நான்தான்."